கினாவாவின் கிணற்றுக்கு ஆள் வராத வருஷம்

எங்கள் தீவில் மழையை நம்பி யாரும் பிழைத்ததில்லை. பசிபிக் கடல் நாடான கிரிபாட்டியின் தெற்குக் கோடியில், தென்னையும் தாழையும் மணலுமாகக் கிடக்கிற ஊர். வானம் பொய்த்தால் கிணறுகளில் உப்பு ஏறிவிடும். கினாவாவின் கிணறு மட்டும் இனிக்கும். வறட்சியில் ஊரே அவள் வாசலில் வாளியோடு வரிசையில் நிற்கும். ஒவ்வொருவரையும் ஒரு வாய் திட்டிவிட்டுத்தான் தண்ணீர் விடுவாள்.

"நேத்துதானே கொண்டுபோனே? வீட்ல திமிங்கிலம் வளக்கிறியா?"

திட்டுக்குக் காரணம் இருந்தது. அளவு மீறி இறைத்தால் நல்ல தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கடல்நீர் மேலே வந்துவிடும். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, பிள்ளைகள் இல்லை. ஐம்பதைத் தாண்டிய அவளுக்கு அந்த வரிசையை விட்டால் பேச்சுத்துணை கிடையாது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் கிழவர்கள்கூட வெளியே வந்து ஆடினார்கள். பிறகு மாதக்கணக்கில் விடவில்லை. கொப்பரை காயாமல் பூசணம் பூத்தது. பாய்கள் நாறின. ஊரிலுள்ள எல்லாக் கிணறும் இனித்தது.

ஒருநாள் கினாவா வீட்டைத் தாண்டிப் போனேன். "இப்பதான் காதுக்கு நிம்மதி. ஒரு சனியனும் வர்றதில்ல" என்றாள். சொல்லிவிட்டு என்னை விடவில்லை. பல்வலியில் ஆரம்பித்து, எப்போதோ செத்துப்போன சித்தப்பாவின் பன்றிவரைக்கும் பேசினாள். நான் நனைந்துகொண்டே நின்றேன்.

அடுத்த வாரம், நெருப்பு வாங்குகிற சாக்கில் பக்கத்து வீட்டு மரேத்தாவிடம் போனாள். மரேத்தாவுக்கும் நாக்கு நீளம்.

"வரிசையில நில்லுங்க அக்கா!"

அங்கிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கினாவா நெருப்பும் வாங்காமல் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவளை வெளியே பார்க்கவே முடியவில்லை.

வெள்ளம் பன்றிப் பட்டிகளைக் கழுவிக்கொண்டு கிணறுகளுக்குள் இறங்கியது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்று செவிலி வீடு வீடாகச் சொல்லிப்போனாள். எதை வைத்துக் கொதிக்கவைப்பது? மட்டையும் விறகும் ஊறிக் கிடந்தன. மண்ணெண்ணெய் கொண்டுவரும் கப்பல் அலைக்குப் பயந்து வரவில்லை.

மரேத்தாவின் கடைக்குட்டி ரூத்தே துவண்டுபோய்க் கிடந்தாள். மரேத்தா அடுப்பை ஊதினாள், புகைதான் வந்தது. அப்போது கினாவா தலையில் பலகைகளோடு உள்ளே வந்தாள்.

"தள்ளுடி. ஊதி ஊதி உசுரை விட்டுராதே."

மரேத்தாவின் புருஷன் யோத்தேபா பலகையைத் தடவிப் பார்த்தான். "அக்கா, இது நீங்க படுக்கிற மேடைப் பலகையாச்சே. அண்ணன் கையால செஞ்சது."

"ஆமா. அவரு இனிமே வந்து படுக்கப்போறதில்ல. வெட்டு."

காய்ந்த மரம் குப்பென்று பிடித்தது. ஒரு பானை ரூத்தேவுக்கு, அடுத்த பானை பக்கத்து வீட்டுக்கு என்று அந்த மேடை முழுக்க எரிந்து முடிந்தது. ஒரு காலையில் ரூத்தே கண்ணைத் திறந்து மீன் கேட்டாள்.

எல்லாக் குழந்தைகளும் பிழைக்கவில்லை. வடக்குப் பக்கம் ஒரு சிசுவை மழையிலேயே அடக்கம் செய்தோம். குழியைத் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. அந்தத் தாயின் பக்கத்தில் கினாவா பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள்.

படுக்க இடமில்லாததால் கினாவா மரேத்தா வீட்டிலேயே தங்கினாள். பாய் பின்னிக்கொண்டிருந்தபோது மரேத்தா மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் வரிசைன்னு சொன்னது..."

"நல்லாத்தான் சொன்னே. எனக்குத்தான் உடனே பதில் வரல. வீட்டுக்குப் போய் நாலு பதில் யோசிச்சு வச்சேன். எல்லாம் வீணாப் போச்சு."

மழை ஒருவழியாக ஓய்ந்தது. ஈரப்பலா மரங்கள் அதுவரை காணாத காய்ப்புக் காய்த்தன. புது மேடை கட்டித் தருவதாகச் சொன்ன யோத்தேபாவிடம் கினாவா அவ்வப்போது கேட்பாள். "பலகை இன்னும் கிடைக்கல அக்கா, பாக்கலாம்" என்பான்.

ஒரு மாலை பன்றிக்குத் தீனி வைக்க நானும் அவளும் மரேத்தா வீட்டுப் பின்புறம் போனோம். கூரைக்கடியில் மேடை அளவுக்கு இழைத்த பலகைகள் காய்ந்து, அழகாக அடுக்கிக் கிடந்தன. கினாவா சிறிது நேரம் அவற்றைப் பார்த்தாள். பிறகு தென்னை ஓலையை இழுத்து, கண்ணில் படாதபடி அவற்றின்மேல் போட்டு மூடினாள்.

"வா, தீனி வைப்போம். அது கத்துது பாரு" என்றாள்.