பன்னிரண்டு கம்ப்யூட்டரும் பேபியும்

கோவில்பட்டியில் மெஹராஜ் பேகத்தின் கம்ப்யூட்டர் கடை என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது. கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பதோடு நிற்க மாட்டார், அதோடு சண்டையும் போடுவார். நம் ஊர் மேசையில் உட்கார்ந்துகொண்டு அது முதல் வார்த்தையையே இங்கிலீஷில் ஏன் பேச வேண்டும் என்பது அவருடைய தீராத வழக்கு. எனக்கும் அதே கோபம்தான். ஆனால் எனக்கு வாய் மட்டும், அவருக்குக் கையும் உண்டு.

போன மாதம் புதியம்புத்தூரிலிருந்து ஹாரூன் பாய் கூப்பிட்டார். ரெடிமேட் துணி தைக்கிற யூனிட் வைத்திருப்பவர். பன்னிரண்டு பழைய கம்ப்யூட்டரையும் புதிதாக்கித் தர வேண்டுமாம். நானும் ஒத்தாசைக்குப் போனேன்.

"தமிழ்ல லிஸ்ட் அடிக்க பேபின்னு ஒரு பிள்ளைய வச்சேன். ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஆக்குதா. இந்த வாரத்தோட நிப்பாட்டிருதேன்" என்றார் ஹாரூன் பாய்.

மெஹராஜ் நேராகப் பேபியிடம் போய்க் கேட்டார்.

"அக்கா, நான் படிச்சது தமிழ் எழுத்துக்குன்னே உள்ள தமிழ்99 கீபோர்டு. இங்கன இங்கிலீஷ் எழுத்தைத் தேடித் தேடித் தமிழ் அடிக்கச் சொல்லுது. கை எங்க ஓடும்? வேலை போச்சுன்னா வீட்டுல என்ன சொல்லுவேன்?" பேபிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது.

"அழாதட்டி. தப்பு உன் மேல இல்ல" என்றார் மெஹராஜ்.

புதிதாக ஏற்றும்போது கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விகளுக்குப் பன்னிரண்டு பெட்டியிலும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. என்ன மொழி, எந்தக் கீபோர்டு, என்ன பாஸ்வேர்டு என்று எல்லாப் பதிலையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிப் பென்டிரைவில் போட்டுவிடுவார். கம்ப்யூட்டர் அதைப் படித்துத் தானே எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளும். அன்றைக்கு மொழி தமிழ், கீபோர்டு தமிழ்99 என்று எழுதினார். இருந்த கோபத்தில் இங்கிலீஷ் கீபோர்டைக் கோப்பிலிருந்து அடியோடு எடுத்துவிட்டார்.

நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பன்னிரண்டு திரையிலும் தமிழ் வந்து நின்றது. நான் கை தட்டிவிட்டேன். மெஹராஜ் பாஸ்வேர்டு அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார், மறுபடியும் தவறு. பாஸ்வேர்டை அவர் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார். கீபோர்டிலோ இங்கிலீஷ் மருந்துக்குக்கூட இல்லை, எதைத் தட்டினாலும் தமிழ்தான் விழும்.

"வீட்டைக் கட்டி, சாவிய உள்ள வச்சுப் பூட்டிட்டியேம்மா!" என்றார் ஹாரூன் பாய்.

மெஹராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் தப்புக்கே இப்படிச் சிரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. "சரிண்ணே, இங்கிலீஷ் கீபோர்டையே முதல்ல வச்சிருதேன்" என்று கோப்பைத் திறந்தார்.

"வேண்டாம்க்கா!" பேபி ஓடிவந்தாள். "கீபோர்டை மாத்தாதீங்க. பாஸ்வேர்டை மாத்துங்க. அதையும் தமிழ்லயே வச்சிருங்க."

"ஏட்டி, இது எனக்குத் தோணலையே!"

பாஸ்வேர்டு 'கடலைமிட்டாய்' ஆனது. இங்கிலீஷ் கீபோர்டுக்கு, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளும்படி, இரண்டாம் இடம் கொடுத்தார். மறுபடி ஏற்றி முடித்ததும் பேபி உட்கார்ந்தாள். கீழே குனியாமலே அடித்தாள், திறந்தது. கால் மணி நேரத்தில் ஒரு பக்க லிஸ்டை நீட்டினாள். ஹாரூன் பாய் அதை இரண்டு தடவை படித்தார்.

அடுத்த வாரம் அவரே மெஹராஜுக்குப் போன் செய்தார். "எல்லாம் நல்லா ஓடுதும்மா. காலையில பன்னிரண்டையும் பேபிதான் திறந்து விடுதா. எனக்கு இன்னும் 'க' எங்கன இருக்குன்னே தெரியல. மத்தியானம் அவகிட்டதான் படிக்கேன்."

"அப்ப அவள நிப்பாட்டலையாண்ணே?"

"யாரை? டீச்சரையா?"