ஒட்டு விடாத கிலுகிலுப்பை

நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் வீட்டுக்காரியே பாதிதான் நம்புகிறாள். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். எங்கள் வாசற்படியில் சுத்தியல் விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

பேயைப் பார்த்தவர்கள் பயந்த கதையைச் சொல்வார்கள். நானும் பயந்தேன். அந்தப் பயம் ஒரு வாரத்தில் போய்விட்டது. வெட்கம்தான் போகவில்லை.

எனக்குப் பழைய இரும்புக் கடையில் வேலை. லாரியில் வருவதை இறக்கி, தகரம் தனி, செம்பு தனி, அலுமினியம் தனி என்று பிரித்துப் போட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையில் துரு வாசனை இருக்கும். பேத்தியைத் தூக்கும்போதுகூட அது எனக்கு உறுத்தும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வேறு ஆள். சமையலறை ஜன்னல் ஓரம் ஒரு பலகை போட்டு, சால்டரிங் அயர்னைச் சூடுபண்ணி உட்காருவேன். தெருவில் உடைந்த சின்னச் சின்ன உலோகச் சாமான் எல்லாம் என்னிடம் வரும். டப்பா மூடி, டார்ச் ஸ்பிரிங், குடைக் கம்பி. அரத்தால் ராவி, ஈயம் பிடிக்கப் பேஸ்ட் தடவி, ஈயம் வைத்துக் கொடுப்பேன். கடையில் "ஏய், இந்தா" என்று கூப்பிடுகிற என்னைத் தெருவில் "ஒட்டு மாமா" என்பார்கள். அந்தப் பெயருக்காகத்தான் செய்தேன். வேறொன்றுமில்லை.

அந்த வாரம் ஒரு லோடு தகரம் வந்தது. எல்லாம் துருப்பிடித்தது. நடுவில் சில தகடுகள் மட்டும் புதுசு. ஓரமெல்லாம் ஈயம். கட்டைவிரல் அகலத்துக்கு அள்ளி அப்பியிருந்தான். இப்படித் தாராளமாக ஈயம் வைத்த மகராசன் யாரோ என்று நினைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குக்கூட இப்படி வைக்க மாட்டார்கள்.

எங்கள் கடையில் கைக்கு அகப்பட்டதைச் சுரண்டாத ஆள் இல்லை. மேஸ்திரி சாப்பிடப் போனதும் நானும் சுரண்டினேன். வீட்டில் கரண்டியில் போட்டு உருக்கிக் கம்பியாக ஊற்றிக்கொண்டேன். எங்கிருந்து வந்த ஈயம் என்று யோசிக்கவில்லை. உருக்கிவிட்டால் எல்லாம் புதுசு. எங்கள் கணக்கு அவ்வளவுதான்.

உருக்கும்போது வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?"

"பேஸ்ட்டு வாசனை. போய் வேலையப் பாரு."

பேஸ்ட்டை நான் அப்போது தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள், எட்டு மாதப் பேத்தியோடு. கூடவே மகளின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா. நல்ல மனுஷிதான். நாக்கு மட்டும் அரம். இரும்புக் கடை வீட்டில் பெண் எடுத்தோமே என்ற குறை அவருக்கு உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். உட்காரும் முன் நாற்காலியைத் துடைப்பார்.

பையிலிருந்து ஒரு கிலுகிலுப்பையை எடுத்தார். தகர உருண்டை, பித்தளைக் கைப்பிடி. கழுத்தில் இரண்டாகக் கழன்றிருந்தது. உள்ளே கிடந்த மணிகளைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்திருந்தார்.

"சம்பந்தி, உங்க பொண்ணு உங்களப் பத்தி ரொம்பத்தான் அளக்கறா. அப்பா கைபட்டா ஒட்டாத சாமானே இல்லையாம். இது இல்லாம இவ தூங்க மாட்டேங்கறா. ஒட்டுங்க பாக்கலாம்."

"குடுங்க சம்பந்தியம்மா. டீ குடிக்கிறதுக்குள்ள ஆயிடும்."

"பச்சக் குழந்தை கையில வச்சுக்கிற சாமான். ஈயம் நல்ல ஈயந்தானே? குப்பையில பொறுக்குனது இல்லையே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"கடையில வாங்குனதுங்க. மேல பெயிண்ட்டும் அடிச்சுருவேன்."

சொல்லிவிட்டேன். மகள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்குப் பிறகு நாக்கைத் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

தையல்காரரின் எண்ணெய்க் குப்பி, மாடி வீட்டு டீச்சரம்மாவின் டிபன் பாக்ஸ் கொக்கி, எதிர்வீட்டு டிரைவரின் டார்ச். மூன்றையும் அதே ஈயத்தில் காலையிலேயே முடித்துக் கொடுத்திருந்தேன். கிலுகிலுப்பை நாலாவது.

உள்ளே கூடாக இருக்கும் சாமானை ஒட்டும்போது ஒரு முறை உண்டு. ஊசிமுனை அளவு ஓட்டை விட வேண்டும். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாக வெளியேறும். இல்லாவிட்டால் அந்தக் காற்று ஒட்டிய இடத்தையே தள்ளிவிடும். எல்லாம் முடிந்தபின் அந்த ஓட்டைக்குக் கடைசிச் சொட்டு.

மணிகளைப் போட்டேன். கழுத்தை ஒட்டினேன். கடைசிச் சொட்டு வைத்தேன்.

காற்று வெளியே வரவில்லை.

ஈயச் சொட்டு உள்ளே இழுபட்டது... ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். குழந்தை பால் உறிஞ்சுகிற மாதிரி.

சூடாக இருக்கும் சாமான் வெளியேதான் தள்ளும். உள்ளே இழுக்காது. இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. ஆனால் பின்னால் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். இன்னொரு சொட்டு வைத்தேன். அது நின்றது.

பெயிண்ட் காய்ந்ததும் ஆட்டிக் காட்டினேன். கிலு கிலு கிலு. பேத்தி இரண்டு கையையும் நீட்டினாள்.

"பரவாயில்லையே!" என்றார் சம்பந்தியம்மா. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வர எங்கள் குடும்பம் இரண்டு வருஷம் காத்திருந்தது.

சாயங்காலம் ஆறே முக்கால். விளக்குப் போடுகிற நேரம். எல்லோரும் முன்னறையில் இருந்தோம். வாசலில் தையல்காரர் வந்து நின்றார்.

"ஒட்டு மாமா, என்னய்யா ஒட்டுனே? இப்பத்தான் 'டிக்'குன்னு ஒரு சத்தம். மூக்கு தனியா, குப்பி தனியா. தச்ச துணியெல்லாம் எண்ணெய்!"

அவர் நகர்வதற்குள் மாடியிலிருந்து டீச்சரம்மா இறங்கினார். கையில் கொக்கி.

அவருக்குப் பின்னால் டிரைவர். "மாமா, டார்ச்சு வாயப் பொளந்துடுச்சு. உங்க ஈயத்துக்கு இன்னைக்கு லீவா?"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். என் காது இரண்டும் எரிந்தன.

வாங்கிப் பார்த்தேன். ஒட்டு உடையவில்லை. உடைந்தால் ஓரம் சொரசொரவென்று இருக்கும். இது அப்படியில்லை. ஈயம் மெதுவாக உரிந்து வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. உள்ளிருந்து யாரோ விரல் விட்டுத் தள்ளிய மாதிரி. தொட்டேன். ஐஸ். மேலே முத்து முத்தாக ஈரம்.

கிலுகிலுப்பையைப் பார்க்க உள்ளே ஓடினேன்.

அது மட்டும் விடவில்லை.

பேத்தி பாயில் உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆட்டவில்லை. காதோரம் வைத்துக்கொண்டு... கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தேன். மகளும் சம்பந்தியம்மாவும் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். மூன்று சாமானையும் முந்தின இரவே மறுபடி ஒட்டியிருந்தேன். ஆறே முக்கால். டிக். டிக். டிக். பலகை மேல் மூன்றும் வாய் திறந்தன. நானே பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.

உள்ளறையில் கிலு... கிலு...

எட்டிப் பார்த்தேன். பேத்தி பாயில் இருந்தாள். கிலுகிலுப்பை அவள் கையில் இல்லை. சுவர் மூலையில், தரையில் கிடந்தது. தானாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பேத்தி அந்த மூலையைப் பார்த்துச் சிரித்தாள்.

மகள் பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா... அந்தக் கிலுகிலுப்பைய எடுத்து வச்சிரு" என்றேன் மகளிடம்.

"ஏம்ப்பா?"

சொல்லியிருக்கலாம். குப்பை ஈயம் அம்மா, எங்கிருந்து வந்ததென்று தெரியாது, பயமாக இருக்கிறது என்று. ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம்.

"ஏன் சம்பந்தி? அதுதான் உருப்படியா ஒட்டியிருக்கு. குழந்தையும் சத்தமில்லாம வெளையாடுது. விடுங்க" என்றார் சம்பந்தியம்மா.

"அதுக்கில்ல... சும்மாதான்" என்றேன்.

என் மானம் ஒரு பக்கம். குழந்தை ஒரு பக்கம். நான் வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

மீண்டும் உள்ளே பார்த்தேன். கிலுகிலுப்பை இப்போது பேத்தியின் மடியில்.

அவள் நகரவில்லை. மூலைக்கும் பாய்க்கும் நடுவே முழு அறை இருக்கிறது.

உருண்டையை அவள் கன்னத்தோடு சேர்த்து வைத்திருந்தாள். சிரிப்பு நின்றிருந்தது. கண் இமைக்கவில்லை.

"பாப்பா..."

திரும்பவில்லை.

கன்னத்தைத் தொட்டேன். ஐஸ்.

உதடு நீலம்.

மூக்கில் விரல் வைத்தேன். மூச்சு... வந்ததா? தெரியவில்லை.

ஆனால் மூச்சுச் சத்தம் கேட்டது.

உருண்டைக்குள்ளிருந்து.

பிடுங்கினேன். வரவில்லை. அவள் விரல் அவ்வளவு இறுக்கம். மறுபடி இழுத்தேன். வந்தது.

ஓடினேன். வாசற்படி. சுத்தியல். ஓங்கி ஒரு அடி. நழுவியது. படியில் பள்ளம். இன்னொரு அடி.

உருண்டை பிளந்தது.

ஆஸ்பத்திரி வாடை. மணிகள் தெருவில் உருண்டன.

உள்ளே பேத்தி வீறிட்டு அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. அப்போது என் காலடியிலும் ஒரு அழுகை. மெல்லிய, விக்கி விக்கி வரும் அழுகை. கொஞ்ச தூரம் தெருவில் போய்... தேய்ந்து... நின்றது.

சம்பந்தியம்மா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். குழந்தை சிவந்து, வியர்த்து, நன்றாக இருந்தது. அவர் என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். நசுங்கிய தகரத்தைப் பார்த்தார்.

"பிள்ள வெளையாடுற சாமான ஒடச்சுட்டீங்களா? அது கையிலேருந்து பிடுங்கி?"

நான் குனிந்து தகரத்தைப் பொறுக்கினேன்.

அவர் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். "பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்கா என்ன? இன்னொரு அழுகை கேட்டுச்சே."

எங்கள் வரிசையில் கைக்குழந்தை உள்ள வீடு ஒன்றுகூட இல்லை.

அன்று ராத்திரியே கிளம்பிவிட்டார்கள். வண்டியில் ஏறும்போது மகள் என்னைத் தனியாக இழுத்தாள்.

"அப்பா, ஏதாச்சும் காரணம் இருந்தா சொல்லுங்க. அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். குடிச்சிருந்தீங்களான்னு கேக்கறாங்கப்பா."

"இல்லம்மா. என்னவோ... கோவம் வந்துடுச்சு."

அவள் கண் கலங்கியது. நான் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. யாருக்கும் தெரியாவிட்டால் என்ன, ஏதோ ஒன்று பேத்தியைப் பிடித்தது, நான் காப்பாற்றினேன். திருட்டு ஈயம், பொய், கெட்ட பெயர் எல்லாவற்றுக்கும் அடியில் அதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

புதன்கிழமை டீ நேரத்தில் மேஸ்திரியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அண்ணே, போன லோடுல புதுத் தகரம் கொஞ்சம் வந்துச்சே, ஓரமெல்லாம் ஈயம் வச்சு. அது எதுல உள்ளது?"

"அதுவா? பொணப்பெட்டி."

"என்ன?"

"தூர தேசத்துல செத்தவங்கள அனுப்புறப்ப, மரப்பெட்டிக்குள்ள தகரப்பெட்டி வச்சுத்தான் அனுப்புவாங்க. மருந்து வாடை வெளிய வரக்கூடாதில்ல? சுத்தி ஈயத்த வச்சு அடச்சிருவாங்க. இங்க வந்ததும் வெட்டித் தொறந்து எடுத்துக்குவாங்க. தகரம் நம்மகிட்ட வந்துரும். ஏன்டா, சொரண்டுனியா?" சிரித்தார்.

நான் சிரிக்க முயன்றேன்.

"பெரிய ஆளாண்ணே?"

மேஸ்திரி சிரிப்பை நிறுத்தினார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் எனக்கு முன்னால் விரித்துக் காட்டினார். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நடுவே ஒரு முழமும் கொஞ்சமும்தான் இருந்தது.

"இவ்வளவுதான்டா. ஒரு வயசுகூட ஆகலியாம்."

அந்த இரண்டு கைகளுக்கு நடுவே இருந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேத்தியை ஏன் தொட்டது, அவள் உடம்பு ஏன் அப்படிக் குளிர்ந்தது, எனக்குத் தெரியாது. கொல்லத்தான் வந்ததோ, கூட உட்கார்ந்து விளையாட வந்ததோ, அதுவும் தெரியாது. விளையாட்டுச் சாமானை ஓங்கி அடித்து உடைத்த கை என்னுடையது. அது மட்டும் தெரியும்.

அழுதுகொண்டே போனது.