கிளட்ச் இல்லாத கார்

மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால், வாசலில் நின்ற ஒரு பழைய காரைச் சுற்றிக் கூட்டம். மணமக்கள் படம் எடுத்துக்கொள்ள வாடகைக்கு வரவழைத்ததாம். என் தங்கையின் பேரன் கைப்பேசியில் எதையோ தேடிப் படித்துவிட்டு, "பெரிய பணக்காரங்க வண்டியாம் தாத்தா. ஆனா ஆட்டோமேடிக் கியர் நாலே நாலுதான். டிசைனும் ரொம்பப் பழசு" என்று அதன் கதையை முடித்துவிட்டான். நானோ திறந்திருந்த கதவுக்குள் தலையை நீட்டி முகர்ந்துகொண்டிருந்தேன். வெயிலில் காய்ந்த தோல் இருக்கை. அதற்கடியில் சூடேறி ஆறிய எண்ணெய். கார் முகர்கிற கிழவனைப் பார்த்துப் புகைப்படக்காரர் கொஞ்சம் கவலைப்பட்டிருப்பார்.

என் மூக்குக்கு அது செங்கல்பட்டில் ஒரு தகரக் கொட்டகையின் வாசனை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே யூசுப் பாயிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அவருக்குத் தோல் வியாபாரம். வெளிநாட்டுக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்களை அடிப்பது என் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்து அப்பா என்னை டைப்ரைட்டிங் படிக்க வைத்திருந்தார். மூன்று வயதில் வந்த காய்ச்சல் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. நடப்பேன், கம்பு ஊன்றி. சைக்கிள்கூட விட முடியாது. அதனாலோ என்னவோ, சக்கரம் வைத்த எதைக் கண்டாலும் நின்று பார்ப்பேன்.

அப்படியிருக்கையில் பாய் ஒரு நாள் கார் வாங்கிவந்தார். எங்கோ ஒரு ஜமீன் வீட்டில் இருந்து கைமாறி வந்த அமெரிக்க வண்டி. ஆற்றுப் பரிசல் மாதிரி அகலம். முன்னால் வெள்ளிப் பற்கள், பின்னால் நிமிர்ந்த இரண்டு வால்கள். அதை நிறுத்துவதற்காகவே தோல் கிடங்கை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டார்கள். வண்டியை ஓட்டிவந்த டிரைவர் ஏழுமலை இறங்கியதுமே என்னிடம்தான் வந்தார்.

"டைப்பு சாரு, இதுக்கு ஒரு புக்கு கீது. இங்கிலீஷு. இந்த வண்டில கிளட்ச்சே இல்ல சாரு. கியரு அதுவா மாறுது. உள்ள இன்னாதான் கீதுன்னு படிச்சி சொல்லு, எனக்குத் தூக்கம் வரல."

எனக்கும் அன்றிலிருந்து தூக்கம் போனது. மத்தியான இடைவேளைகளில் இருவரும் முன்னிருக்கையில் உட்கார்ந்து படிப்போம். ஸ்டீரிங் தண்டில் ஒரு சிறிய கைப்பிடி; அதற்கு மேல் கண்ணாடிக்குள் நான்கு ஆங்கில எழுத்துகள். N என்ற எழுத்தில் முள் நின்றால்தான் இஞ்சின் கிளம்பும். டி-க்குத் தள்ளினால் முன்னே போகும், நான்கு கியரையும் தானே மாற்றிக்கொள்ளும். இதெல்லாம் சரி, எப்படி மாற்றுகிறது? எண்ணெய் நிறைந்த பெட்டிக்குள் எதிரெதிராக இரண்டு சக்கரங்கள். ஒன்று சுற்றினால் எண்ணெய் பாய்ந்து மற்றதும் சுற்றும். இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை என்றது புத்தகம். ஏழுமலை நம்பவில்லை. நான் அலுவலக மேஜை விசிறியைப் போட்டு, பனையோலைக் காத்தாடி ஒன்றை அதன் எதிரே பிடித்துக் காட்டினேன். காத்தாடி சுற்றுவதை வெகுநேரம் பார்த்தார். "தொடாமயே இஸ்துகினு போவுது பாரேன்" என்றார். பாய் வந்து, கூலி வாங்கிக்கொண்டு இரண்டு பேர் காத்தாடி விடுவதைப் பார்த்தார். திட்டாமல் போய்விட்டார். நல்ல மனிதர்.

ஒரு தரம் கிடங்குக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ஏழுமலை என்னை ஸ்டீரிங் முன் உட்கார வைத்தார். ஐம்பதடி ஓட்டினேன். இடது காலுக்கு அந்த வண்டியில் வேலையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இறங்கும்போது கம்பை வண்டியிலேயே மறந்துவிட்டு விழப் பார்த்தேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பு விலைக்கு வந்தது. பார்க்கப் போன பாய், ஒப்பந்தம் எழுத என்னையும் கூட்டிப்போனார். பக்கத்து மீனவர் குப்பத்தில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்த செங்கேணி என்ற பெண் காரைப் பார்த்து, "இன்னா பாய், சுறாவுக்குச் சக்கரம் கட்டி இட்டுகினு வந்துட்டியா?" என்றாள். குப்பமே சிரித்தது. அந்த முன்பக்கப் பற்களையும் வாலையும் அதற்குப் பிறகு என்னால் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

தோப்பில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஏழுமலை கால் நனைக்கக் கடலில் இறங்கியிருக்கிறார். அலறல் கேட்டு ஓடினோம். அதாவது மற்றவர்கள் ஓடினார்கள். மணலில் புதைந்திருந்த திருக்கையை மிதித்துவிட்டார். அது வால்முள்ளால் கணுக்காலில் குத்தி, முள் உள்ளேயே உடைந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை. முகம் சாம்பலாகிவிட்டது.

செங்கேணி அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பானையைத் தூக்கி வந்தாள். "சூட்டுல காலை வெச்சாதான் வலி கொறையும். ஆனா முள்ள டாக்டருதான் எடுக்கணும். சீக்கிரம் இட்டுகினு போங்கோ!"

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி பதினெட்டு மைல். பஸ் சாயங்காலம்தான். தோப்பில் கட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரி டிரைவரைப் பாய் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அவர் ஏறிச் சாவியைத் திருப்பினார், சத்தமே இல்லை. கைப்பிடியை N எழுத்துக்குத் தள்ளச் சொன்னேன். இஞ்சின் கிளம்பியது. டி-க்குத் தள்ளினார், நகர்ந்தது. அடுத்த கணம் பழக்கத்தில் அவருடைய இடது கால் கிளட்ச்சைத் தேடி, அகலமான பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தது. பின்னால் ஏழுமலை இருக்கையிலிருந்து உருண்டு கீழே விழுந்து கத்தினார். மறுபடி முயன்றார், மறுபடியும் அதே. "எனக்கு வோணாம்பா இந்தப் பேய்" என்று இறங்கிவிட்டார்.

"பாய், நான் ஓட்டட்டுமா?"

பாய் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, வேண்டாமென்று நினைத்தபடியே, காலைப் பார்த்தார்.

"அவுரு ஓட்டுவாரு பாய்" என்றார் ஏழுமலை பின்னாலிருந்து. "அவுருக்குத் தெரியும்."

"ஏறு தம்பி. அல்லா காப்பாத்துவான்" என்று பாய் பக்கத்தில் உட்கார்ந்தார். செங்கேணி யாரையும் கேட்காமல் பானையோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஐம்பதடி ஓட்டியவன் பதினெட்டு மைல் ஓட்டினேன். முதல் மைலில் பயம் தவிர ஒன்றும் நினைவில்லை. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் காதில் ஒன்று பிடிபட்டது. வேகம் ஏறும்போது இஞ்சின் ஒரு மூச்சு விட்டு இறங்கும். அதுதான் கியர் மாறுகிற இடம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். எதிரே ஆடுகள், மாட்டு வண்டி, ரோட்டில் பரப்பிய வைக்கோல். பின்னால் வெந்நீர் தளும்பித் தோல் இருக்கையெல்லாம் ஈரம். "நவுர்றதே தெரியல சாமி, தொட்டில் மாதிரி கீது" என்றாள் செங்கேணி. ஏழுமலை முனகிக்கொண்டிருந்தார். நானோ உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

முள்ளை அறுத்து எடுத்தார்கள். பத்து நாளில் ஏழுமலை எழுந்து நடந்தார். அன்றிலிருந்து 'டைப்பு சாரு' போய், நான் 'மச்சான்' ஆனேன்.

பாய் என்னை லைசென்ஸ் எடுக்கச் சொன்னார். அதிகாரி என் கம்பைப் பார்த்து, "கிளட்ச் எந்தக் காலால மிதிப்பே?" என்றார். "கிளட்ச்சே இல்லீங்க சார்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் குனிந்து தேடினார். கிடைக்கவில்லை. லைசென்ஸ் கிடைத்தது.

இரண்டு வருஷம் ஓட்டினேன். பாய் வீட்டார் வேடந்தாங்கலில் பறவை பார்க்கப் போனாலும், கேளம்பாக்கத்தில் நிக்காஹ் என்றாலும் நான்தான். பிறகு கியர் பெட்டி நழுவ ஆரம்பித்தது. இஞ்சின் கத்தும், வண்டி நகராது. அதற்கான எண்ணெய் பட்டணத்திலும் கிடைக்கவில்லை. கம்பெனிக்கு நானே மூன்று கடிதம் அடித்தேன், பதில் இல்லை. கடைசியில் ஒரு மெக்கானிக் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு லாரியின் கியர் பெட்டியைப் பொருத்தினார்.

"வண்டி ரெடி தம்பி, வந்து பாரு!" என்று பாய் குழந்தை மாதிரி கூப்பிட்டார். போய்க் கதவைத் திறந்தேன். தரையில் மூன்றாவதாக ஒரு மிதி, வட்டமான இரும்பு. அதை இடது காலால் மிதிக்க வேண்டும் என்பது பாய்க்குத் தோன்றவே இல்லை. ஏழுமலை மட்டும் என்னைப் பார்க்காமல் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கழற்றிய பெட்டியை இருவரும் திறந்து பார்த்தோம், பார்க்காமல் விட மனம் வரவில்லை. பூவிதழ் மாதிரி தகடு வைத்த இரண்டு சக்கரங்கள், எதிரெதிராக. நடுவில் விரல் நுழையாத இடைவெளி. புத்தகம் பொய் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார். "வா மச்சான். ஸ்டீரிங்கு, பிரேக்கு, ஆக்சிலேட்டரு உன்னுது. கிளட்சும் கியரும் என்னுது."

அந்தக் காரின் முன்னிருக்கை ஒரே நீள சோபா. அவர் என்னை ஒட்டி உட்கார்ந்து, வலது காலை நீட்டிக் கிளட்ச்சை மிதித்தார். "மாத்து" என்பேன், மாற்றுவார். முதலில் கோழி மாதிரி குதித்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். இஞ்சின் சத்தம் கேட்டு அவரே மிதித்தார். கடல் தெரிகிற வரைக்கும் ஓட்டினோம்.

அப்படி ஏழெட்டு ஞாயிறுகள். பிறகு ஏழுமலைக்கு பஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. பாய் வண்டியை விற்றார். அந்த மாதிரி இருக்கையும் இப்போது கிடையாது. எந்தக் காரில் ஏறினாலும் எனக்குத் தனி நாற்காலி, ஓட்டுகிறவருக்குத் தனி நாற்காலி, நடுவில் சுவர் மாதிரி ஒரு பெட்டி. ஒருவர் கால் இன்னொருவர் பக்கம் போக வழியே வைக்கவில்லை.