முதலில் உருண்டை, பிறகு பாட்டு

மலைமேல் இருக்கும் பூண்டி அங்கன்வாடியில் நான் டீச்சராக இருந்தபோது, தர்ஷினி என்ற நாலு வயசு வாலு ஒருநாள் கவினின் கன்னத்தைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து சிவந்துபோனது. சாயங்காலம் அவனைக் கூட்டிப்போக வந்த அம்மா கொதித்தார்.

"இந்தா பாருங்க டீச்சர், ஒரு வாரம் பாப்பேன். இவள நிறுத்தலைன்னா நாங்க யாரும் புள்ளைங்கள அனுப்ப மாட்டோம்."

நிறுத்தினால் தர்ஷினியின் அம்மா செல்விக்குச் சோலி போய்விடும். பூண்டு அறுவடைக்குப் போகும் ஜீப்பில் பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் சென்டர் திறக்கும்வரைதான் பார்த்துக்கொள்வார்.

இத்தனைக்கும் அவள் காலையில் சிரித்துக்கொண்டே வருகிறவள். பத்து மணி தாண்டினால்தான் ஆட்டம். பொம்மையை வீசுவாள், தரையில் உருளுவாள். அதட்டினேன், கெஞ்சினேன், மூலையில் உட்காரவைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. "காலைல சாப்பிடுறாளா?" என்று செல்வியிடம் கேட்டால், "சாப்பிட்டுத்தாங்க வர்றா" என்பார்.

மறுநாள் வெள்ளனே, செல்வியிடம் பேசலாம் என்று ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். பனியில் ஆள் முகம் தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் செல்வி பால் விடாத வரக்காப்பியில் வர்க்கி பிஸ்கட்டை நனைத்து மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு எங்க செல்வி?"

"இதானுங்க டீச்சர். சாப்பிட்டாச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. பூண்டு சீசனில் எங்கள் ஊரில் வரக்காப்பி உள்ளே போனாலே சாப்பிட்ட கணக்குதான். பத்து மணிக்குத் தோட்டத்தில் எல்லாரும் சோத்துப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார்கள். பிள்ளைக்கு ஏது பொட்டலம்? எங்கள் சென்டரில் பாட்டு, கதை எல்லாம் முடிந்துதான் சத்துமாவு உருண்டை, மதியம்தான் சோறு. அடப்பாவமே, அம்மா அங்கே சோறு பிரிக்கும் நேரத்தில்தான் மகள் இங்கே கடித்திருக்கிறாள்!

நேராகப் போய் ஆயா பாண்டியம்மாவிடம், "இனிமே பத்து மணிக்கு முன்னாடியே சத்துமாவு உருண்டை" என்றேன்.

"பாட்டு முடிஞ்சுதானங்க குடுப்போம்?"

"பாட்டு எங்க ஓடிப்போகுது? வெரசா உருட்டுங்க."

எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். தர்ஷினி கையை முறுக்கினால் பக்கத்தில் உட்கார்ந்து, "கோவம் வருதா? வயித்தத் தொட்டுப் பாரு, பசிக்குதா?" என்று கேட்பேன். முதலில் என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அவளாகவே வந்து, "பசிக்குது டீச்சர்" என்று சொல்லத் தொடங்கினாள். எல்லாக் கோபமும் பசி இல்லை. ஒருநாள் பார்த்தால் சாக்ஸ் நனைந்திருந்தது.

வாரக் கடைசியில் கேரட் கழுவும் வேலையிலிருந்து நேராகக் கவினின் அப்பா வந்துவிட்டார். வாசலிலேயே சத்தம். "என்ன டீச்சர் முடிவு பண்ணிருக்கீங்க? எம்மவன் கடிபட்டுக்கிட்டே கெடக்கணுமா?"

பிள்ளைகள் பயந்து ஒடுங்கின. நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி எழுந்து அவரிடம் போனாள். கடித்துவிடுவாளோ என்று நானும் எழுந்தேன். அவள் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். கையிலிருந்த பாதி உருண்டையை நீட்டினாள்.

"மாமா, வயித்தத் தொட்டுப் பாருங்க. பசிக்குதா?"

அவர் குனிந்து உருண்டையைக் கையில் வாங்கினார்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க தம்பி?" என்றேன்.

"வரக்காப்பிதாங்க" என்றவர், சொல்லும்போதே சிரித்துவிட்டார். பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து அந்தப் பாதி உருண்டையைத் தின்றார். கவின் வந்து தர்ஷினி பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். "ரெண்டு பேரும் வரட்டுங்க டீச்சர். வீட்ல நான் சொல்லிக்கிறேன்" என்று கிளம்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வியின் சோலி தப்பித்தது.

புதிதாக வரும் டீச்சர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை கத்தினால் முதலில் வயிற்றைக் கேளுங்கள். அம்மா 'சாப்பிட்டாச்சு' என்றால், எதை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அவரைத் திட்டாதீர்கள். உங்கள் வயிற்றையும் கவனியுங்கள். கவினின் அப்பா வந்துபோன அந்த நாளுக்குப் பிறகு நான் குரலை உயர்த்தினால் போதும், பாண்டியம்மா வாயே திறக்காமல் ஓர் உருண்டையை என் முன்னால் வைத்துவிட்டுப் போவார்.