சங்கிலிமுத்து பார்க்காத பொறி

காலை பத்து மணி வெயிலில், திருத்தங்கலே கதவு ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றுக்குத் தவிக்கிற நேரத்தில், மெக்கானிக் சங்கிலிமுத்து தம் ஷெட்டின் தகரக் கதவை இழுத்து மூடிக்கொள்கிறார். உள்ளே ஒரு வேன், அவர், அரை நிமிஷ இருட்டு. பிறகு கதவு திறக்கும். வியர்வையில் குளித்து வெளியே வந்து, காத்திருக்கும் டிரைவரிடம், "பார்த்தாச்சு" என்பார். அந்தச் சொல் காதில் விழாமல் பட்டாசு லோடு அடிக்கிற டிரைவர் எவரும் வண்டியை எடுப்பதில்லை.

அவர் பார்ப்பது ஒரு பொறியை. பெட்ரோல் என்ஜினில் 'பாயிண்ட்' என்று இரண்டு உலோகப் பொட்டுகள் உண்டு. அவை ஒட்டி ஒட்டிப் பிரிவதால்தான் என்ஜினுக்குள் தீப் பாய்கிறது. பிரிகிறபோது அவற்றுக்கு நடுவிலும் கடுகளவு நீலப்பொறி ஒன்று தெறிக்கும். அது கண்ணுக்குத் தெரிய இருட்டு வேண்டும். அதற்குத்தான் கதவடைப்பு.

பொட்டுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கு அவர் கணக்கு எங்கள் அச்சகத்துத் தீப்பெட்டி லேபிள்தான். நாலாக மடித்த லேபிள் இறுக்கமாக நுழைந்து வந்தால் சரி. எதிர்வரிசை அச்சகத்தில் புரூப் பார்க்கும் நான் வாரம் ஒரு கட்டு கழிவு லேபிள் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். உள்ளே ஒரு குச்சிகூட இராது. பீடிக்கு நெருப்புக் கேட்டு வருகிற வெளியூர்க்காரர்களிடம் முகம் மாறாமல் அதை நீட்டுவார். பெட்டியின் உரசுகிற பக்கத்தால் பாயிண்டைத் தேய்ப்பதற்காக வைத்திருப்பது அது.

ஒரே ஒரு முறை பார்க்காமலே பார்த்தாச்சு என்று சொல்லியிருக்கிறார். ஐம்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி அவசரம். அந்த வேன் லோடோடு ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டது. ரயில் வருவதற்குள் டிரைவர் அய்யாதுரை இறங்கித் தள்ளினார். வேன் தப்பியது, அவருடைய வலது பாதம் வேன் சக்கரத்தில் நசுங்கியது. இப்போது கேட்டுக்குப் பக்கத்திலேயே வெற்றிலைக் கடை வைத்திருக்கிறார். சங்கிலிமுத்துவுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. ஆனால் தினமும் அங்கே போய் வாங்குகிறார்.

இந்த அறுபத்தாறாம் வருஷத் தீபாவளி சீசனில்தான் அவருக்குச் சோதனை வந்தது. பட்டாசுக் கம்பெனி முதலாளி சங்கரலிங்கம், யுத்த காலத்து வேன் ஒன்றை விடாமல் வைத்திருப்பவர். அதற்காகச் சிங்கப்பூரிலிருந்து ஒரு அலுமினியப் பெட்டியும், மின்சாரத்தைப் பெருக்கித் தருகிற புதுக் காயிலும் வரவழைத்தார். டிரான்சிஸ்டர் பெட்டியாம்; ரேடியோ இல்லை, என்ஜினில் தீப் பாய்ச்சுகிற சாதனம். கூட வந்த ஆங்கிலத் தாளை நான் படித்துச் சொல்ல, சங்கிலிமுத்து ஒயர் ஒயராக மாட்டினார். ஸ்டார்ட்டரின் முதல் உதையிலேயே என்ஜின் எழும்பிற்று. அப்படி ஒரு சீரான ஓட்டத்தை அந்தக் கிழட்டு வேனிடம் நாங்கள் கேட்டதே இல்லை.

அவர் கதவை மூடினார். அரை நிமிஷம் ஐந்து நிமிஷமாயிற்று. கதவு திறந்தபோது பேயறைந்த முகம்.

"பொறியைக் காணோம், சார்."

"என்ஜின் ஓடுகிறதே?"

"ஓடுதே! அதான் எனக்கும் வெளங்கல."

என்ஜினுக்குள் தீ வைக்கிற பிளக்கைக் கழற்றி வெளியே வைத்து, என்ஜினைச் சுழற்றிப் பார்த்தார். அங்கே கண் கூசுகிற பொறி, முன்னைவிட இரட்டிப்பு. பாயிண்டில் ஒன்றுமில்லை. "தாயி இல்லாம பிள்ளை மட்டும் எங்கன இருந்து வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார், நான் ஏதோ ஒளித்துவைத்தது மாதிரி. தாளை மறுபடி படித்தேன். இனிப் பாயிண்டில் பொறி தெறிக்காது, அதனால் அது தேயாது, அதுவே இந்தச் சாதனத்தின் சிறப்பு என்று அச்சடித்திருந்தது.

"தெறிக்காதுன்னா, நான் எதைப் பாக்க?"

ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பிழை திருத்துகிறவன் நான். அந்தத் தாளில் பிழையும் இல்லை, எனக்குப் புரியவும் இல்லை.

அடுத்த நாள் தாயில்பட்டியில் லோடு கட்டி வைத்தாயிற்று. நாலு மணிக்குள் விருதுநகர் ஸ்டேஷனில் சேர்க்காவிட்டால் கூட்ஸ் வண்டி போய்விடும். வெளியூர் ஆர்டர் அத்தனையும் வீண். டிரைவர் வெள்ளைத்துரை ஷெட் வாசலில் சாவியோடு நின்றான்.

"பார்த்தாச்சா, அண்ணாச்சி?"

சங்கிலிமுத்து ஒரு லேபிளைப் பாயிண்டுக்குள் நுழைத்து எடுத்தார். அதற்குள் முதலாளியே வந்துவிட்டார்.

"வண்டிதான் ஓடுதேப்பா. பெறகென்ன?"

"ஓடுது, மொதலாளி. ஏன் ஓடுதுன்னு தெரியலையே. எப்ப நிக்கும்னு நான் எதை வச்சுச் சொல்ல?"

"பழசையே மாட்டிருவமா?"

"பழைய காயிலை நீங்கதான நேத்தே ஆமத்தூர்க்காரருக்குக் குடுத்தீக? அது இல்லாம எப்படி மாட்ட?"

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளைத்துரை சங்கிலிமுத்துவின் வாயையே பார்த்தான். "ஒரு வார்த்தை சொல்லுங்க, அண்ணாச்சி. எடுத்துருதேன்." சொல்லியிருந்தால் எடுத்திருப்பான். அதுதான் அவரை வாட்டியது என்று எனக்குத் தோன்றியது. கையிலிருந்த லேபிளை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வேனின் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"எடுலே. நானும் வாரேன்."

விருதுநகருக்கு லேபிள் பார்சல் கொண்டுபோக வேண்டியிருந்ததால் நானும் ஒண்டிக்கொண்டேன். தாயில்பட்டியில் லோடு ஏற்றித் திரும்பும் வழியெல்லாம் அவர் காதைத் தீட்டிக்கொண்டே வந்தார். என்ஜின் இருமக்கூட இல்லை. அது வேறு அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிற்று.

ரயில்வே கேட் திறந்துதான் இருந்தது. "நிப்பாட்டு" என்றார். இறங்கி, வெற்றிலைக் கடையின் பக்கம் ஒரு முறை திரும்பினார். அய்யாதுரை பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலிமுத்து நேரே போய்த் தண்டவாளத்தின் நடுவில் நின்று, நெற்றியில் கை வைத்து, மதுரைப் பக்கம் வெகுநேரம் பார்த்தார். தென்காசிப் பக்கம் வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்கெட்டிய வரை ரயில் இல்லை.

அப்புறம் கையை உயர்த்திக் கூப்பிட்டார்:

"பார்த்தாச்சு! வாலே!"