கீழே இழுத்த மூச்சு

மூன்று நிமிடம் இருபது நொடி. 1987 பொங்கல் வரைக்கும் நூர் பாஷா தண்ணீருக்கடியில் மூச்சடக்கி இருந்த நேரம் அது. கைக்கடிகாரம் கட்டிய மூன்று பேர் வெவ்வேறு கிணற்று மேட்டில் நின்று பார்த்துச் சொன்னதால் நம்பலாம்.

பாலக்கோட்டைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லையென்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். குழாயின் அடிமுனையில், தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்ளும் புட்வால்வு இருக்கிறது. அதில் இலையோ கந்தலோ சிக்கியிருக்கும். மொத்தக் குழாயையும் கழற்றி மேலேற்ற எட்டு ஆளும் ஒரு பகலும் வேண்டும். பாஷாவுக்கு அரை மணி போதும். இடுப்பில் ஸ்பேனரைக் கட்டிக்கொண்டு, கடைசிப் படியில் உட்கார்ந்து, நெஞ்சு நிறைய ஒரே மூச்சை இழுத்துக் குழாயோடு இறங்குவார். முப்பதடி ஆழத்து இருட்டில் விரல்தான் கண். தலை வெளியே வந்த பிறகுதான் அந்த மூச்சை விடுவார். அதற்கு முன்னால் விடுகிறவன் கிணற்றிலேயே கிடப்பான் என்பது பதினாறு வயதில் அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். இருபது வருடமாக அதை மீறியதில்லை.

அந்த மூச்சில்தான் வீட்டில் உலை கொதித்தது. பெரிய தோட்டக்காரர்கள்கூட எழுந்து நின்று "வாங்க பாய்" என்றார்கள்.

தக்காளி மண்டி வைத்திருந்த மாரியப்பன் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதன். அந்த வருடம் மண்டி நன்றாக ஓடியது. பொங்கல் முடிந்ததும் தன் மெட்டடார் வேனிலேயே கேரளத்துக் கோவளம் போகலாம் என்று கிளப்பிவிட்டவன் அவன்தான். மூன்றாவது ஆள் மாது. சர்க்கரை ஆலையில் எடை போடுகிறவன், நீச்சல் தெரியாதவன்.

கிளம்பும்போது பாஷாவின் மனைவி ஷகிலா வாசல்வரை வந்தாள்.

"கடல்ல எல்லாம் எறங்காதீங்க. கெணறுன்னா நாலு பக்கமும் செவுரு இருக்குது."

"தண்ணி எல்லாம் ஒண்ணுதான் புள்ளே" என்றார் பாஷா.

கடற்கரை விடுதியில் முதல் நாள் சுகமாகத்தான் போனது. ஓலைக்குடைக்குக் கீழே சாய்வு நாற்காலி. கேட்டால் இளநீர், கேட்காமலே பொரித்த மீன். மாது பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, அலை வரும்போதெல்லாம் "ஐயோ ஆத்தா" என்று கத்தினான். மாரியப்பன் எதிரே வந்தவர்களிடமெல்லாம், வெள்ளைக்காரர்களையும் விடாமல், "திஸ் மேன், த்ரீ மினிட்ஸ் ட்வென்டி" என்று பாஷாவின் தோளைத் தட்டிக் காட்டினான். பாஷாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

அங்கே ஒரு ஜெர்மன்காரர் முதுகில் காற்று உருளை கட்டி ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். மாரியப்பனும் பாஷாவும் விளையாட்டாக மாதுவை அவரோடு அனுப்பிவைத்தார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்துப் படகில் ஏறியவன் புது ஆளாக இருந்தான்.

"டேய் பாஷா! இருபத்தஞ்சு நிமிசம்டா! உம்மூணு நிமிசத்த மூட்டை கட்டிப் பரண்ல போடு!"

மாரியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாஷாவும் சிரித்தார். ராத்திரிச் சாப்பாட்டில் மீனைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் அவரே போய் ஜெர்மன்காரர் முன்னால் நின்றார். இறங்குவதற்கு முன் அந்த மனிதர் கால் மணி நேரம் பாடம் சொன்னார். பெங்களூர் வியாபாரிகளோடு பேசிப் பழகிய இங்கிலீஷை வைத்து மாரியப்பன் தமிழில் சொன்னான். ஓரிடத்தில் ஜெர்மன்காரர் தன் நெஞ்சை மூன்று முறை தட்டி, விரலை ஆட்டி ஏதோ அழுத்திச் சொன்னார். மாரியப்பனுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"என்னடா சொல்றாரு?"

"மேல வரப்போ மூச்சை அடக்கக் கூடாதாமா. விட்டுக்கிட்டே வரணுமாமா. உனக்குப் போயி மூச்சைப் பத்திப் பாடம் எடுக்கறாரு பாரு!"

பாஷாவும் சிரித்துவிட்டார். புரிந்ததா என்று ஜெர்மன்காரர் கேட்டார். "எஸ் எஸ், எக்ஸ்பர்ட்" என்றான் மாரியப்பன்.

கீழே வெளிச்சம் இருந்தது. தண்ணீருக்குள் தன் விரல்களை பாஷா அன்றுதான் பார்த்தார். மஞ்சள் மீன்கள் முழங்கையை உரசிப் போயின. ஆனால் வாயில் கடித்திருந்த குழாய் வழியே வந்த காற்று பிச்சை போலிருந்தது. நீச்சல் தெரியாத மாதுவுக்கும் இதே காற்றுதானே? மேலே போகலாம் என்று ஜெர்மன்காரர் சைகை காட்டியபோது முப்பதடி ஆழம். பாஷா நெஞ்சு நிறைய இழுத்தார். குழாயைத் துப்பினார். வாயை இறுக மூடி, கிணற்றில் ஏறுவது போலவே உதைத்து ஏறினார். கணுக்காலைப் பிடிக்க வந்த கை வழுக்கியது.

தலை வெளியே வந்ததும் வாயைத் திறந்தார். மூச்சுக்கு முன்னால் ரத்தம் வந்தது.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி, பதினோரு நாள். தமிழ் தெரிந்த டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். மேலே இழுத்த மூச்சு ஆழத்தில் சுருங்கும், ஏறினால் பழைய அளவுக்கு வரும். கீழே உருளையிலிருந்து இழுத்த மூச்சோ ஏற ஏற விரியும். விடாமல் அடைத்து வைத்தால் நுரையீரல்தான் கிழியும். கிழிந்துவிட்டது. இனித் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது.

மாரியப்பனும் மாதுவும் இரண்டு நாள் இருந்தார்கள். மண்டியைப் பார்க்க வேண்டுமென்று வேனை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஷகிலா அண்ணனோடு ரயிலில் வந்தாள். திட்டவில்லை. பாஷா அதையும் தாங்க வேண்டியிருந்தது.

அவர் ஊருக்கு வருவதற்குள் கதை வந்து சேர்ந்திருந்தது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேங்க, மூச்சை அடக்காதடான்னு. கேட்டாத்தானே?" என்று மாரியப்பன் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். பொய் என்று சொல்ல வழியில்லை. சொன்னான்தான்.

ஒருநாள் தனியாக அகப்பட்டபோது பாஷா கேட்டார். "சிரிச்சுக்கிட்டே சொன்னியேடா?"

"நீயுந்தானே சிரிச்சே."



சித்திரையில் மாரியப்பன் தோட்டத்துக் கிணற்றிலேயே தண்ணீர் ஏறவில்லை. சேலத்திலிருந்து, குழாய் வழியே காற்று அனுப்பும் கம்ப்ரசரோடு ஆட்கள் வந்தார்கள். "வால்வு எந்த மூலையிலன்னு வந்து காட்டிட்டுப் போ" என்று மாரியப்பன் சொல்லியனுப்பினான். பாஷா பதினெட்டுப் படி இறங்குவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தார். இடத்தைக் காட்டினார். நாற்பது வயது மதிக்கத்தக்க சேலத்துக்காரர் காற்றுக் குழாயை வாயில் வைக்கப் போனார்.

"ஏறி வரப்போ மூச்சை விட்டுக்கிட்டே வாங்க" என்றார் பாஷா.

"அதெல்லாம் தெரியுங்க பாய்" என்று சிரித்துவிட்டு அவர் இறங்கினார். மேலே நின்ற மாரியப்பன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய வேலையில்லை.

பத்து நிமிடத்தில் தண்ணீர் ஏறியது. வைகாசி முதல் தேதி, நூர் பாஷா மாரியப்பன் மண்டியில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார்.