வேண்டுதல் இல்லாத சுற்று

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் காரணமில்லாமல் நாலு தெரு நடந்துவிட முடியாது. இடுப்பில் குடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கையில் பால் செம்பு இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் யாராவது செத்திருக்க வேண்டும். வெறுங்கையோடு நடந்தால் எதிரில் வருகிறவர் நின்று, "எங்கன போறே?" என்பார். பதில் சொன்னாலும் விடமாட்டார். "எதுக்கு?" என்பார். நான் பிறந்தது புளியங்குடி, வாக்கப்பட்டது சங்கரன்கோவில். இரண்டு ஊரிலும் கேள்வி ஒன்றுதான். அந்தக் கேள்விக்கு நான் ஒரு பொய் சொன்னேன். மூன்று வருஷம் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். அதற்காக நான் இன்றுவரை வெட்கப்படவில்லை.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. வீட்டுக்காரருக்குக் குமாஸ்தா வேலை. வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும் மட்டும். இரண்டு வருஷம் போயும் நான் உண்டாகவில்லை என்றதும் மாமியார் என்னை ஆடிச்சுற்றுக்குக் கூட்டிப்போனார். எங்கள் அம்மன் ஆடி மாதம் ஒற்றைக் காலில் தபசு நிற்கிறவள். தபசுக்குக் கொடி ஏறியதும் ஜனங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நூற்றியொரு சுற்று, ஐந்நூற்றியொரு சுற்று, தெம்புள்ளவர்கள் ஆயிரத்தொன்று. அவள் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. பதிலுக்கு அவள் நாம் கேட்டதைக் கொடுப்பாள்.

மாமியார் என் முந்தானையில் நூற்றியொரு புளியங்கொட்டை முடிந்துவிட்டார். "ஒரு சுத்துக்கு ஒண்ணு எடுத்து இந்த மூலையில போடணும். போடும்போது பிள்ளை வேணும்னு வேண்டிக்கிடணும். மறந்திராத, ஏட்டி" என்றார். அவருக்கு முழங்கால் ஆகாது. ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் பத்துச் சுற்றும் நான் உண்மையாகவே கேட்டேன். ஆசை இல்லாமல் இல்லை. பதினைந்தாவது சுற்றில் கால் சூடு பிடித்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சிவகிரி மலைப் பக்கமிருந்து சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. திருப்பத்தில் அது முகத்தில் வந்து மோதியது. மூச்சு சீராக வந்தது. முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினேன். எனக்கு இவ்வளவு வேகமாக நடக்க வரும் என்பது இருபத்துநாலு வயதில் அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அதுவரை யாராவது ஒருவர் பின்னாலேயே நடந்து பழக்கப்பட்டவள் நான். சந்தோஷத்தில் புளியங்கொட்டையை மறந்தேன். பிள்ளையையும் மறந்தேன்.

"நல்லா வேண்டிக்கிட்டியா?" என்று மாமியார் கேட்டார்.

"ஆமா அத்தை" என்றேன்.

கோயிலில் கொடுத்த புற்றுமண்ணைக் குழைத்து அடிவயிற்றில் பூசச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு கெண்டைக்காலில் பூசினேன். வலி அங்கேதானே இருந்தது.

தபசு முடிந்து ஊர் அடங்கிவிட்டது. என் கால் அடங்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் அடுப்படியில் நிற்க முடியாமல் குறுகுறுக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மாமியாரிடம் போய், "அத்தை, ஒரு மண்டலம் சுத்துறதா நேந்திருக்கேன்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு நான் கோயிலில் இருந்தேன். மண்டலம் முடிந்ததும் இன்னொரு மண்டலம் நேர்ந்தேன். அதற்குப் பிறகு நேராமலேயே போனேன், யாரும் கேட்கவில்லை. பிள்ளை இல்லாதவள் கோயிலுக்குப் போனால் தெருவே ஒதுங்கி வழிவிடும். எதிரில் வருகிறவர்கள் பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு போவேன்.

அதே நேரத்தில் பெரியவர் ஒருவரும் தினமும் பிராகாரத்தில் நடப்பார். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். ஆம்பிளைக்கு டாக்டர் சொன்னால் போதும். எனக்கு அம்மனே வந்து சொல்ல வேண்டியிருந்தது.

நான் வேகத்துக்காக மட்டும் போகவில்லை. பகல் முழுக்க வெயில் குடித்த கல் சாயங்காலம் உள்ளங்காலுக்கு இதமாக இருக்கும். ஆறேழு சுற்றுக்குப் பிறகு வீட்டில் நடந்த சண்டை, மிளகாய் காய்ந்ததா இல்லையா, யார் என்ன சொன்னார்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். வேர்வையோடு வீட்டுக்கு வந்து சோறு தின்றால் அந்தச் சோற்றுக்கே தனி ருசி. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொன்னால் கோட்டி பிடித்துவிட்டது என்பார்கள்.

மத்தியான நேரத்துக்கு எனக்கு வயர் கூடை இருந்தது. பக்கத்து வீட்டில் ஒருத்தி பின்னுவதைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். நெல்லிக்காய் முடிச்சு போட்டேன், சிவன்கண் போட்டேன். கிளிப்பச்சையும் ரோஸும் சேர்த்தால் எப்படி இருக்கும், மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு ஓடினால் எப்படி இருக்கும் என்று மனசு எந்நேரமும் அதிலேயே கிடக்கும். வருகிறவர்கள் எல்லாம், "விக்கதுக்கா?" என்றார்கள். இல்லை என்றேன். "யாருக்கு?" என்றார்கள். யாருக்கும் இல்லை என்றேன். மாமியாருக்கு அது கூச்சமாகப் போயிற்று. மருமகள் சும்மா உட்கார்ந்து வயர் பின்னுகிறாள் என்று சொல்ல முடியுமா? "நூத்தியெட்டு சுமங்கலிக்குக் கூடை குடுக்கதா நேந்திருக்கா" என்று அவரே தெருவில் சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு வயர் வாங்க வீட்டில் ஒரு தடையும் இல்லை. என் சந்தோஷம் இரண்டுக்கும் இப்படி வேண்டுதல் என்று பேர் வைத்தாயிற்று. பேர் என்னவாக இருந்தால் எனக்கென்ன என்று இருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

நாலாவது ஆடி முடிந்ததும் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, வாசுதேவநல்லூரிலிருந்து வந்தார். வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் இருந்தார். நான் காப்பி கொடுத்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து கூடைக்கு அடி போட்டுக்கொண்டிருந்தேன். மதினி சுற்றி வளைக்கவில்லை.

"மூணு வருசமா இவளும் ஓயாம சுத்துதா. ஊருல யாரும் இப்படிச் சுத்தினதில்ல. அம்மன் கண்ணு தொறக்கலியே. டாக்டர் முடியாதுன்னா வேற டாக்டர்ட்ட போலாம். சாமியே இல்லன்னு சொன்ன பெறவு என்னத்த பாக்கது? எங்க ஊருல ஒரு பிள்ளை இருக்கு. பாவப்பட்ட வீடு, ரெண்டாந்தாரமா குடுக்கச் சம்மதிப்பாங்க."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இல்லை என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் பேப்பரை இறக்கவில்லை.

என் கையில் வயர் அப்படியே நின்றுவிட்டது. என் நாளில் எனக்கே எனக்கென்று இருந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கி எனக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் நிறுத்திவிட்டார்கள். நான் எவ்வளவு நடந்தேனோ அவ்வளவுக்கு அம்மன் என்னை வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வாழ்க்கை போகும். திறந்தால் என் நடை போகும். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் இரண்டையும் விடுவதாக இல்லை.

"மதினி, நான் அம்மன்கிட்ட பிள்ளை கேக்கல" என்றேன்.

"என்னட்டி சொல்லுத?" என்றார் மாமியார்.

"மொத நாளு பத்துச் சுத்து கேட்டேன், அத்தை. பெறவு மறந்துட்டேன். எனக்கு நடக்கப் பிடிச்சிருக்கு, அதுக்குத்தான் போறேன். கூடையும் பிடிச்சுத்தான் பின்னுதேன். கேக்காதவளுக்கு அம்மன் எப்படிக் குடுப்பா? அவ தலையில பழியப் போடாதீங்க."

"பிடிச்சிருக்குன்னா? கோயிலு என்ன நீ ஓடி விளையாடுத மைதானமா?" என்றார் மதினி.

வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பினேன். "உங்களுக்கு வேற பொண்ணு வேணும்னா நீங்க சொல்லுங்க. சாமி சொல்லிருச்சுன்னு யாரும் சொல்ல வேண்டாம்."

அவர் பேப்பரை மடித்தார். இரண்டாக மடித்து, நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். "நானும் யாருகிட்டயும் எதுவும் கேக்கலியே" என்றார். பிறகு, "அக்கா, காப்பி ஆறுது" என்றார். மதினி மறுநாள் காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

மாமியார்தான் உடைந்துபோனார். "மூணு வருசம் உனக்காக அழுதேனே, நீ உள்ளுக்குள்ள சிரிச்சியா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. அவர் அழுதது நிஜம். அதை நான் வாங்கி வைத்துக்கொண்டதும் நிஜம். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு, "வேண்டுதலே இல்லியே, இனி எதுக்கு வெளிய போறே?" என்று அவர் கேட்டபோது, "நடக்க, அத்தை" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். தேங்காய் இல்லை, பூ இல்லை, வெறும் கை. தெருவில் கேட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னேன். பதினைந்து நாளில் கேட்பது ஓய்ந்துவிட்டது. திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது. ஊர் உச்சுக் கொட்டிக் கொடுத்த பாவம் என்ற பேரைவிட அது எனக்கு நன்றாகவே பொருந்தியது.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சில நாள் அதற்காக நான் அழுதிருக்கிறேன். அந்த அழுகையும் நடையும் வேறு வேறு, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட நான் யாரையும் விட்டதில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் பிராகாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். முன்னால் மாமியார் போய்க்கொண்டிருந்தார். முழங்காலை ஒரு கையால் பிடித்தபடி, சுவரில் ஒரு கையை ஊன்றி, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. மருமகள் கேட்க மாட்டாள் என்பதால் அவரே கேட்க வந்துவிட்டார். வேகத்தைக் குறைத்து அவரோடு சேர்ந்து நடக்கலாமா என்று தோன்றியது. சேர்ந்து நடந்தால் நானும் கேட்கிறதாக ஆகிவிடும். தாண்டிப் போனேன். அடுத்த சுற்றிலும் தாண்டினேன். மூன்றாவது தடவை அவர் என் முந்தானையைப் பிடித்துவிட்டார்.

"ஒரே ஒரு தடவை கேட்டாத்தான் என்னட்டி?"

"நீங்க கேளுங்க அத்தை" என்றேன். "நான் நடக்கேன்."

அவர் முந்தானையை விட்டார். நான் வேகத்தைக் கூட்டினேன்.